பழைய உலோக கிட்டாரில் துரு அண்டாமல் இருக்க

மேடைகளில் ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஊதுகருவிகளின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் அமுங்கிப்போனது. லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த ஜான் டோப்பியெரா உலோக உடலுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகளை வைத்து அதற்கு வழி கண்டார். நேஷனல் என்ற பெயரில் 1927-ல் விற்பனைக்கு வந்த மூன்று கூம்பு மாதிரியும், 1930-ஐ ஒட்டி வந்த ஒற்றைக் கூம்பு ‘ஸ்டைல் ஓ’, ‘டுவோலியன்’ மாதிரிகளும்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ரெசோனேட்டர் கிட்டார்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985) இசைத்தட்டின் அட்டையில் மேகங்களுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் வெள்ளிநிற கிட்டாரைப் பார்த்திருப்பீர்கள். அது அக்குழுவின் மார்க் நாப்ஃளரின் 1937-ஆம் வருட ஸ்டைல் ஓ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே உங்களிடம் இருப்பது அசல் என்றால் அதற்கு வயது 80-க்கு மேல்.

அப்படி ஒரு கிட்டாரை வாசிக்காத நாட்களில் எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். தகடு உலர்ந்த காற்றைக் கேட்கிறது. மரக் கழுத்துக்கு அளவுமீறிய உலர்வு ஆகாது. தலைப்பகுதியில் செல்லுலாய்டு ஒட்டியிருந்தால் அதற்குக் காற்றோட்டம் வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் வாழ வேண்டும் என்பதில்தான் சிக்கல். பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சரிசெய்துவிட்டால் உலோகத்தைத் தொடவேண்டிய வேலையே அநேகமாக வராது. தொட்டுத் தேய்த்துக் கெடுத்த கிட்டார்களைப் பார்த்து நொந்துபோய்த்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்த உலோகம் என்று முதலில் அறியுங்கள்

மாதிரிக்கு மாதிரி உலோகம் வேறு. அது கெடும் விதமும் வேறு.

மூன்று கூம்பு மாதிரிகளில் பெரும்பாலானவை ஜெர்மன் சில்வர் உடல் கொண்டவை. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. மேலே நிக்கல் முலாம் இருக்கும். ஸ்டைல் ஓ பெரும்பாலும் பித்தளை. அதன் மேலும் நிக்கல் முலாம், முலாமில் மணல் வீசிப் பொறித்த தென்னை மரங்களும் ஹவாய்க் கடற்கரையும். டுவோலியன் எஃகுத் தகடு. பனி உறைந்ததுபோல் படிகக் கோலம் கொண்ட பெயிண்ட் பூசியது. அந்தக் காலத்தில் இதுதான் மலிவு மாதிரி, இன்று துருவுக்கு முதலில் பலியாவதும் இதுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி:

1. ஃபிரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றை எடுங்கள். கீறல் விழாமல் இருக்க நடுவில் மெல்லிய காகிதம் வையுங்கள்.
2. உடலின் பின்பக்கத்தில் மெதுவாக வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் எஃகு. மிக மெலிதாக இழுத்தாலோ இழுக்காவிட்டாலோ பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர். மெலிதான இழுப்பு நிக்கல் முலாமால் வருவது; நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும்.
3. வலது முன்கை படும் விளிம்பைப் பாருங்கள். பல வருடம் வாசித்த கிட்டாரில் அங்கே முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரியும். மஞ்சளாக இருந்தால் பித்தளை; வெளிறி இருந்தால் ஜெர்மன் சில்வர்.

எஃகில் செந்துரு ஏறும். பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் பச்சைக் களிம்பு. அலுமினியக் கூம்பில் வெள்ளைப் பொடி. நிக்கல் முலாம் துருப்பிடிக்காது, மங்கிப் பால்போல் ஆகும். ஆனால் முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அடியில் இருக்கும் உலோகத்தைத் தின்னும். முலாமின் மேல் பச்சைப் புள்ளி தெரிந்தால் வேலை அடியில் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தேவையான பொருட்கள்

- நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறையில் வியர்வை ஊறிவிடும்; பிடியும் வழுக்கும். இந்த கிட்டார் ஏறக்குறைய 4 கிலோ எடை, கை நழுவினால் தாங்காது.
- பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டித் துண்டுகள். கஞ்சி, நீலம், பிளீச்சிங், வாசனைத் திரவம் எதுவும் படாதவை.
- மென்மையான பிரஷ், கையால் அமுக்கும் ரப்பர் காற்றுப் பந்து, டார்ச், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி.
- டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு: ஒன்று அறைக்கு, ஒன்று பெட்டிக்கு.
- மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரிப்புகளுக்காக 1950-களில் உருவாக்கிய ரெனசான்ஸ் வேக்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது.
- சிலிக்கா ஜெல் அல்லது இருவழி ஈரப்பதப் பை.

குறிப்பு: மலிவு ஈரப்பதமானிகள் 5 சதவீதம் வரை முன்பின் காட்டுவது சகஜம். ஒரு மூடியில் சமையல் உப்பைக் குவித்து, சேறுபோல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து ஒரு நாள் முழுக்க மூடிவிடுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள். உப்பு வைத்துச் செய்யும் சோதனை என்பதால் கிட்டார் இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள்.

வைப்பதற்கு முந்தைய வேலைகள்

1. படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் முன், பின், பக்கவாட்டுகள், தலைப்பகுதி, அதில் பொறித்த வரிசை எண், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும். ஆறு மாதம் கழித்து ‘இந்தப் புள்ளி முன்பே இருந்ததா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். நினைவை நம்பாதீர்கள்.

2. தூசியை எடுங்கள். முதலில் பிரஷ், பிறகு காற்றுப் பந்து. தூசியில் உப்பும் இருக்கும், ஈரத்தையும் அது பிடித்துவைக்கும். துணியால் நேரே துடைத்தால் தூசியே உப்புத்தாளாகிக் கீறும். வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது.

3. கைபட்ட இடங்களைத் துடையுங்கள். வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உண்டு. விரல்ரேகை அப்படியே நிக்கலில் பதிந்து, பிறகு எதற்கும் போகாது. வேட்டித் துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து இறுகப் பிழியுங்கள். ஒரு தடவை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் நீர் விற்கும் கடையில் காய்ச்சி வடித்த நீர் கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள், அமிலக் கரைசலும் அதே அலமாரியில் இருக்கும்.

4. மெழுகு பூசுங்கள். இது முக்கியமாக நிக்கல் முலாம் உள்ள உடலுக்கு. விரல் நுனியளவு எடுத்துத் துணியில் தடவி, உள்ளங்கையளவு பரப்பாக எடுத்துக்கொண்டு மிக மெல்லிசாகப் பூசி, உடனே மெருகேற்றுங்கள். பொறிப்புகள் இருக்கும் இடத்தில் மெழுகு தங்கினால் வெள்ளையாகக் காய்ந்துவிடும். அங்கே பிரஷால் தட்டித் தட்டி எடுங்கள். விரல்பலகை, கூம்பு, செல்லுலாய்டு மூன்றிலும் மெழுகு படக் கூடாது. டுவோலியனின் பெயிண்டில் பூச விரும்பினால், வால்பக்கத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். துணியில் பெயிண்ட் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். மெழுகில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அருகில் எரியக் கூடாது.

5. கம்பிகளைப் பாருங்கள். துருப்பிடித்த பழைய கம்பி விரல்பலகையிலும், கூம்புக்கு மேல் இருக்கும் மூடித் தகட்டிலும் கறையை இறக்கும். புதிய கம்பி போடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். முழுவதும் கழற்றிவிடக் கூடாது. கூம்பு ஆணியோ பசையோ போட்டுப் பிடித்துவைத்ததல்ல. உடலுக்குள் ஒரு விளிம்பில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, கம்பிகளின் அழுத்தம்தான் அதை அங்கே நிறுத்துகிறது. அழுத்தம் போனால் சின்ன அதிர்ச்சியில் கூட இடம் மாறும். அதேசமயம் போருக்கு முந்தைய இந்த கிட்டார்களின் கழுத்தில், பின்னாளில் வந்ததுபோல் திருகிச் சரிசெய்யும் இரும்புக் கம்பி கிடையாது. முழு இழுவிசையில் மாதக்கணக்கில் விட்டால் கழுத்து வளையலாம். எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம், அதிகம் போனால் இரண்டு, தளர்த்தி வையுங்கள்.

பாதுகாப்பு: கம்பியைத் தளர்த்தாமல் வெட்டாதீர்கள், நுனி கண்ணில் தெறிக்கும். மூடித் தகட்டின் உள்விளிம்பு கையை வெட்டும் அளவுக்குக் கூர்மையானது. கூம்பைப் பார்க்கும் ஆசையில் அதைத் திறக்க வேண்டாம். கூம்பின் தகடு கால் மில்லிமீட்டர் கனம்தான். விரல் அழுந்தினாலே பள்ளம் விழும்.

புளியும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம்

நம் வீடுகளில் பித்தளை என்றதும் கை தானாகப் புளிக்குப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி, ஏனென்றால் விளக்கு முழுவதும் கனத்த பித்தளை. கிட்டாரில் இருப்பது மெல்லிய முலாம். புளி, எலுமிச்சை, வினிகர், விபூதி, பித்தளை விளக்கும் பொடி எல்லாமே அந்த முலாமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஹவாய்க் காட்சியில் தென்னை ஓலைகளின் விளிம்பு மழுங்கிப்போன ஸ்டைல் ஓ-க்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. யாரோ ஒருவர் ஆசையோடு, பளபளக்க வேண்டும் என்று வருடாவருடம் தேய்த்திருக்கிறார்.

அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷ் இன்னும் மோசம். உருட்டி வளைத்த பித்தளைத் தகட்டுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இடங்களில் நுண்விரிசல் விழலாம். துருநீக்கி ஸ்பிரே அடித்தால் எண்ணெய் துளைகள் வழியே உள்ளே போய் மரத்திலும் கூம்பிலும் படியும்; பிறகு தூசி அதில் ஒட்டும். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி அமிலத்தன்மை அடையும். புதிதாக முலாம் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முலாம் பூசுமுன் பழையதைச் சுரண்டித் தேய்ப்பார்கள். பொறிப்பும் போகும், அசல் என்ற மதிப்பும் போகும். மங்கல் அந்த கிட்டாரின் வயது. அதை அப்படியே விடுங்கள்.

பெட்டிக்குள் காற்று

கெட்டியான கேஸ் வேண்டும். சுவரில் மாட்டுவதும் ஸ்டாண்டில் நிறுத்துவதும் சேமிப்பு ஆகாது. ஸ்டாண்டின் ரப்பரும் ஃபோமும் கந்தகத்தையும் மென்மையாக்கும் வேதிப்பொருளையும் கசியவிடும். முலாமில் கருந்தடமும் பெயிண்டில் பிசுபிசுப்பும் அப்படித்தான் வருகின்றன.

கிட்டாரோடு வந்த பழைய கேஸ் இருந்தால் அது அரிய பொருள், பத்திரப்படுத்துங்கள். ஆனால் கிட்டாரை அதற்குள் வைக்குமுன் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் மரமும் பசையும் அமில ஆவி விடுகின்றன. பூஞ்சை வாடை வந்தால் லைனிங்கில் ஈரம் ஊறியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் கேஸைத் தனியே வைத்துவிட்டு, கிட்டாருக்குப் புதிய கேஸ் வாங்குங்கள். புதியதையும் இரண்டு மூன்று வாரம் திறந்துவைத்துப் பசை வாடை போன பிறகே பயன்படுத்துங்கள்.

இனி வரிசை:

1. கேஸின் சிறு அறையைக் காலி செய்யுங்கள். ரப்பர் பிடிப்புள்ள கேப்போ, தோல் பட்டை, பாதி பிரித்த கம்பிப் பாக்கெட், பழைய பேட்டரி எல்லாம் வெளியே. கிட்டாரில் பட்டை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். தோல் பதனிட்ட ரசாயனம் முலாமைத் தாக்கும், வினைல் பட்டை பெயிண்டில் ஒட்டி உருகும்.

2. துவைத்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் கிட்டாரை மல்லாக்க வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது அமிலக் காகிதம். பி.வி.சி. உறையும் வேண்டாம், நாள்பட அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். குமிழ் பிளாஸ்டிக் டுவோலியனின் பெயிண்டில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும்.

3. ஈரப்பதமானியைத் தலைப்பகுதிக்கு அருகே வையுங்கள். இலக்கு 45 முதல் 50 சதவீதம். 60-ஐத் தாண்டினால் எஃகில் துரு வேகம் பிடிக்கும். 35-க்குக் கீழே போனால் கழுத்து மரம் சுருங்கி, ஃபிரெட் கம்பிகளின் முனை விளிம்பில் துருத்தி நிற்கும், விரல்பலகையும் வெடிக்கலாம்.

4. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பொருளை வையுங்கள். இருவழிப் பை என்றால் 49 சதவீதத்துக்கு உரியது. அதற்குள் இருப்பது உப்புக் கரைசல். ஒழுகினால் முலாம் போய்விடும். ஆகவே துணிப்பையில் போட்டு, உலோகத்தைத் தொடாமல் கழுத்துக்குக் கீழே வையுங்கள். சிலிக்கா ஜெல் என்றால் 100 கிராமில் தொடங்கி, மானி சொல்வதைப் பார்த்துக் கூட்டுங்கள். நன்றாக உலர்த்திய ஜெல்லை அரைக் கிலோ ஒரேயடியாகக் கொட்டினால் பெட்டிக்குள் 30-க்கும் கீழே இறங்கி மரத்தைக் கெடுத்துவிடும்.

5. ஜெல் மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடம்புக்குக் கெடுதல், அதன் தூள் உலோகத்துக்கும் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. மர கிட்டாருக்கு ஈரம் கொடுக்க, நனைந்த பஞ்சு வைத்த ரப்பர் குழாயை ஒலித்துளை வழியே உள்ளே தொங்கவிடும் வழக்கம் உண்டு. டொரொன்டோ போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை வறட்டும்போது கடைக்காரர்களே அதைப் பரிந்துரைப்பார்கள். உலோக உடலுக்குள் அதை ஒருபோதும் விடாதீர்கள். ஒரு சொட்டு கூம்பின் விளிம்பில் தேங்கினால் போதும். அலுமினியமும் பித்தளையும் ஈரத்தின் வழியே ஒன்றையொன்று தொட்டு மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் கரைவது அலுமினியம், அதாவது கிட்டாரின் குரல்.

ஏசி அறையிலிருந்து வெளியே: பனி படியும் ஆபத்து

கடலோர ஊரில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கொழும்பிலோ ஒரு மாலைக் காற்று 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராகப் படியும். 23 டிகிரி ஏசி அறையில் இருந்த கிட்டாரை அப்படியே ஹாலுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால், ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம்போல் உடல் முழுக்க வியர்க்கும். வெளியே வியர்ப்பதைத் துடைத்துவிடலாம்; உள்ளே, கூம்பின் அடியிலும் தகடுகளை ஈயம் பற்றவைத்த மூட்டுகளிலும் வியர்ப்பதை யார் துடைப்பது?

எதிர்ப்பக்கமும் உண்டு. வராந்தாவில் வாசித்துவிட்டு அங்கேயே பெட்டியை மூடினால் ஈரக் காற்றும் உள்ளே அடைபடும். பிறகு ஏசி அறைக்குக் கொண்டுபோனால் மூடிய பெட்டிக்குள்ளேயே பனி படியும். இரண்டையும் தவிர்க்க:

- மூடுவது எப்போதும் உலர்ந்த அறையில். வாசித்து முடித்ததும் கிட்டாரைத் துடைத்து, அந்த அறையில் அரைமணி நேரம் திறந்து வைத்து, பிறகு மூடுங்கள்.
- குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுவந்தால் பெட்டியைத் திறக்காமல் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். பனிக்கால ஊரில் காரின் டிக்கியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் இதே விதிதான். அங்கே இரவு முழுக்க விட்டால் நல்லது.
- இரவில் மட்டும் ஏசி போடும் அறை சேமிப்புக்கு ஏற்றதல்ல. தினம் ஒருமுறை குளிர்ந்து, தினம் ஒருமுறை ஈரமாகும். அதைவிட ஏசியே இல்லாத, சீரான வெப்பமுள்ள உள்ளறையில் ஈரமுறிஞ்சும் மின்கருவி ஒன்றை ஓடவிடுவது பல மடங்கு மேல்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறையின் ஈரப்பதம் பல நாட்கள் தொடர்ந்து 80-க்கு மேல் நிற்கும். கேஸ் காற்றுப்புகாத பொருள் அல்ல, ஆகவே ஜெல் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. அந்த வாரங்களில் மூடிய கேஸை ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டலாம், உள்ளே மானி 50-க்குள் காட்டினால் மட்டும். அடுத்த பகுதியைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

செல்லுலாய்டு: பெட்டிக்குள்ளேயே இருக்கும் எதிரி

சில ஸ்டைல் ஓ கிட்டார்களின் தலைப்பகுதியில் முத்துச்சிப்பிபோல் மின்னும் தகடு ஒட்டியிருக்கும். அது செல்லுலாய்டு, அதாவது பழைய சினிமா ஃபிலிமின் அதே பொருள். வயதாகும்போது சில தகடுகள் சிதையத் தொடங்கி நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் அவை நைட்ரிக் அமிலம் ஆகும். அடைத்த பெட்டிக்குள் அந்த ஆவி சுற்றிச் சுற்றி வந்து முறுக்காணிகள், ஃபிரெட்டுகள், மூடித் தகடு என எல்லாவற்றையும் அரிக்கும். செல்லுலாய்டையும் அதே ஆவிதான் மேலும் வேகமாகச் சிதைக்கும்.

அடையாளங்கள்: கற்பூர வாடையோடு ஒரு காரமான நெடி, தகடு பழுப்பாகி, விளிம்பு சுருங்கி, உள்ளே சதுரம் சதுரமாக வெடிப்பு, அருகில் இருக்கும் திருகுகளில் மட்டும் பச்சைக் களிம்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிட்டாரைப் பாலித்தீனில் கட்டாதீர்கள், இறுக்கி மூடிய பெட்டியிலும் வைக்காதீர்கள். துணி போர்த்தி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையில், மற்றக் கருவிகளிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். தகடு நன்றாக இருந்தாலும் வாரம் ஒருமுறை பெட்டியைப் பத்து நிமிடம் திறந்துவைப்பது நல்லது.

செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். விளக்குச் சூட்டிலோ வெயில்படும் ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். அந்துருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி செல்லுலாய்டையும் பெயிண்டையும் இளக்கிவிடும்.

வைக்கும் இடம்

வெளிச்சுவர், குளியலறைச் சுவர், தரைத்தளத்தின் வெறுந்தரை, மொட்டைமாடி அறை எல்லாம் விலக்கு. தரையிலிருந்து ஓரடி உயரம், சுவரிலிருந்து நான்கு விரல்கடை இடைவெளி. புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரி பல மாதம் அமில ஆவி விடும்; பெயிண்ட் நன்கு காய்ந்த இரும்பு பீரோ அதைவிட மேல். சாம்பிராணிப் புகை வரும் பூஜையறைக்குப் பக்கமும் வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இருக்கும் ஸ்டோர் ரூமில் கிட்டாரை வைப்பது. மூடி திறக்காத ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணிப் பெட்டியைப் பாருங்கள், எல்லா ஆணியும் துருவேறியிருக்கும். அதே ஆவி கேஸுக்குள்ளும் நுழையும்.

எப்போதெல்லாம் பார்ப்பது

- வாரம் ஒருமுறை: மானியைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.
- மாதம் ஒருமுறை: கையுறை அணிந்து வெளியே எடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உடல் முழுக்கப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளி சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை: ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியை விட்டு உள்புறம் பாருங்கள். டுவோலியனில் துரு உள்ளிருந்தும் வரும். வெளியே பெயிண்ட் கொப்புளம்போல் எழும்பியிருந்தால் அடியில் துரு இருக்கிறது.
- வருடம் ஒருமுறை: மெழுகைப் புதுப்பித்து, பழைய படங்களோடு ஒப்பிடுங்கள்.

புள்ளி தெரிந்துவிட்டால்

1. அன்றே தேய்க்க உட்காராதீர்கள். முதலில் ஈரப்பதத்தை 45-க்குக் கொண்டுவாருங்கள். காற்று உலர்ந்தால் பல புள்ளிகள் அங்கேயே நின்றுவிடும்.

2. பச்சைக் களிம்பு என்றால் முகமூடியும் கையுறையும் அணிந்து, மூங்கில் பல்குச்சியால் பொடியை மட்டும் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஈரப்பஞ்சால் ஒருமுறை ஒற்றி, உடனே உலர்த்தி, மெழுகு வையுங்கள். வெளிர்பச்சைப் பொடி சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தால், உலோகத்துக்குள் குளோரைடு உப்பு இறங்கியிருக்கிறது. அது வீட்டில் தீரும் வேலை இல்லை. பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தேய்த்தால் பள்ளம்தான் விழும்.

3. டுவோலியனில் செந்துரு என்றால் உதிரும் துருவை மட்டும் மரக்குச்சியால் எடுங்கள். உப்புத்தாளும் ஸ்டீல் உல்லும் வேண்டாம். ஸ்டீல் உல்லின் நுண்கம்பிகள் பெயிண்டின் படிகக் கோலத்தில் மாட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். பஞ்சுக் குச்சியின் நுனியில் மெல்லிய கனிம எண்ணெய் ஒரு துளி, புள்ளியின் மேல் மட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள்.

4. கூம்பின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தாலும், வாசிக்கும்போது புதிதாக இரைச்சல் கேட்டாலும் கை வைக்காதீர்கள். ரெசோனேட்டர் கிட்டார் திறந்து பழகியவர் ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது பழைய கூம்பை மாற்ற நேர்ந்தால் அதைத் தூக்கிப்போடாமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். மெல்லிய காகிதத்தில் பொதிந்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, கிட்டாரின் வரிசை எண்ணை மேலே எழுதி, கேஸோடு சேர்த்து வையுங்கள்.